உங்கள் கையிலுள்ள காசு எந்த ஊரில் பிறந்தது? வேலூர்ச் சில்லறையை வைத்து ஒரு செய்முறை

சென்ற மாதம் வேலூர் லாங்கு பஜாரில் பூ வாங்கிவிட்டுப் பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினேன். "இது வேறு மாதிரி இருக்கிறது, செல்லாது அம்மா" என்று பூக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அது நல்ல காசுதான். பத்து ரூபாய் நாணயம் அதுவரை 14 வடிவங்களில் வெளியாகியிருந்தது, அத்தனையும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்திருக்கிறது. ஆனாலும் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. காசைப் படிக்க அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அதைத்தான் இங்கே சொல்லித் தரப்போகிறேன்.

முதலில், சில்லறை சேருங்கள்

நூறு நாணயங்கள் போதும். வங்கியில் புதுக் காசுப் பொட்டலம் வாங்கி எண்ணாதீர்கள். ஒரே பொட்டலத்தில் பெரும்பாலும் ஒரே ஆண்டுக் காசு, ஒரே ஊர்க் காசுதான் இருக்கும். டீக்கடை, பஸ், காய்கறிக்கடை என்று பல கை மாறிய சில்லறைதான் வேண்டும். கூடவே ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு நோட்டு. காசைப் புளி போட்டுத் தேய்க்கவே கூடாது. குறி தேய்ந்துவிடும். ஈரத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

அடுத்து, குறியைத் தேடுங்கள்

காசில் ஆண்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு அடியிலோ அருகிலோ கடுகைவிடச் சிறிய ஓர் அடையாளம் இருக்கும். நம் நாட்டில் காசு அடிக்கும் நாணயச் சாலைகள் நான்கு. எந்த ஊர்ச் சாலையில் அடித்தது என்பதை அந்த அடையாளம்தான் சொல்லும். என் முன்னால் இப்போது 2013-ஆம் ஆண்டின் ஐந்து ரூபாய் ஒன்று இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பிடித்தால், அந்த 2013-க்குக் கீழே ஐந்து முனை நட்சத்திரம் தெரிகிறது. ஒரு முனையில் அழுக்கு அடைந்திருக்கிறது. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். வைரக்கல் போன்ற சாய்சதுரம் இருந்தால் மும்பை. உருண்டைப் புள்ளி இருந்தால் நொய்டா. நான்கில் இளையது அதுதான், 1988-இல் தொடங்கியது. எந்தக் குறியும் இல்லையென்றால் கொல்கத்தா.

புதிதாகப் பார்ப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இந்தக் கொல்கத்தாதான். தேய்ந்துபோன நொய்டாக் காசும் குறியற்றதாகவே தெரியும். அதனால், ஆண்டின் எண்கள் கூர்மையாக இருந்து குறி மட்டும் இல்லையென்றால்தான் கொல்கத்தா என்று எழுதுங்கள். எண்களே மழுங்கியிருந்தால் அந்தக் காசைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

குறி பார்த்துக் காசை அறிவது நம் பகுதிக்குப் புதிதல்ல. ஆற்காட்டின் பெயர் பொறித்த ரூபாயைச் சென்னையில் ஆங்கிலேயர்களும் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களும் அச்சடித்தார்கள். சென்னைக் காசில் தாமரை, புதுச்சேரிக் காசில் பிறை. பெயர் ஆற்காடு, பிறந்த ஊர் வேறு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

பிறகு, வந்த வழியைப் புரிந்துகொள்ளுங்கள்

நாணயம் அடிப்பது மத்திய அரசின் வேலை. ரிசர்வ் வங்கி அதைப் பெற்றுப் புழக்கத்தில் விடுகிறது. நாணயச் சாலையிலிருந்து மூட்டைகள் ரிசர்வ் வங்கியின் வட்டார அலுவலகத்துக்கு வரும். நமக்கு அது சென்னை. அங்கிருந்து, குறிப்பிட்ட வங்கிக் கிளைகளில் ரிசர்வ் வங்கியின் பணத்தை வைத்திருக்கும் கரன்சி செஸ்ட்டுகளுக்குப் போகும். அவற்றிலிருந்து மற்றக் கிளைகள் வாங்கிக்கொள்ளும். கிளையிலிருந்து கடைக்காரர், கடையிலிருந்து நாம்.

அதுவரைதான் ஒழுங்கான பாதை. அதற்குப் பிறகு காசு ஆட்களோடு பயணம் செய்கிறது. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் பெயர்ப் பலகைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்து அத்தனை பேர் வருகிறார்கள். அவர்கள் பையிலுள்ள சில்லறையும் இங்கேயே செலவாகிறது. கொல்கத்தாக் காசெல்லாம் அப்படி வந்ததுதான் என்று சொல்லிவிட முடியாது. ரிசர்வ் வங்கி வழியாகவும் அது வரலாம். ஆகவே இரண்டு பட்டியல் போடுங்கள். ஒன்று மருத்துவமனைப் பக்கத்துக் கடைச் சில்லறை, இன்னொன்று குடியாத்தத்திலோ ஆரணியிலோ இருக்கும் உறவினர் வீட்டுச் சில்லறை. ஒவ்வொரு காசுக்கும் மதிப்பு, ஆண்டு, குறி ஆகிய மூன்றையும் எழுதுங்கள். பழைய காசையும் புதுக் காசையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம். புதுக் காசு அண்மையில் எந்த ஊர் மூட்டை வந்தது என்பதைக் காட்டும். பத்துப் பதினைந்து ஆண்டுப் பழைய காசு, மக்கள் எப்படிக் கலக்கிறார்கள் என்பதைக் காட்டும்.

நான்கு குறிகளிலும் சேராத காசு கிடைத்தால் தனியே எடுத்து வையுங்கள். உள்நாட்டில் அடித்தது போதாத காலங்களில் வெளிநாட்டு நாணயச் சாலைகளிலும் நம் காசை அடித்து வாங்கியிருக்கிறார்கள். எங்கள் பாட்டியின் அஞ்சறைப் பெட்டியில், வெந்தயத்துக்கு அடியில், 1985-ஆம் ஆண்டு ஒரு ரூபாய் ஒன்று கிடைத்தது. ஆண்டுக்குக் கீழே 'எச்' என்ற ஆங்கில எழுத்து. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் அச்சாகிக் கடல் கடந்து வந்த காசு அது.