உங்கள் ஆலயத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி: திருமலையிலிருந்து லீட்ஸ் வரை

திருமலை என்று நாம் சொல்லும் திருகோணமலையில் ஒரு மெதடிஸ்த (புரட்டஸ்தாந்து கிறிஸ்தவ சபை) ஆலயத்துக்கு ஆண்டு விழா மலர் போடுகிறார்கள் என்றால் உள்ளே என்ன இருக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். மிஷனரிமாரின் பெயர்கள், குருவானவர்களின் வரிசை, வாழ்த்துச் செய்திகள். கல்லும் மண்ணும் சுமந்தவர்கள், வாராவாரம் சில்லறைக் காசு போட்டவர்கள், ஓய்வுநாள் பாடசாலையில் பாட்டுச் சொல்லிக்கொடுத்த அக்காமார் யாரும் இருக்க மாட்டார்கள். அவர்களையும் சேர்த்து எழுத வேண்டும் என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இந்தச் சபையின் வேர் இங்கிலாந்தின் பெரிய தேவாலயங்களில் இல்லை. அரச திருச்சபையின் வழிபாட்டு நூலை ஏற்க வேண்டும் என்று அங்கே 1662இல் வந்த சட்டத்துக்கு இணங்க மறுத்த ஏறத்தாழ 2,000 போதகர்கள் அரச திருச்சபையை விட்டு வெளியேற வேண்டி வந்தது. 1665இல் வந்த இன்னொரு சட்டம், நகராட்சி அந்தஸ்துள்ள ஊர்களுக்கு ஐந்து மைல் தூரத்துக்குள் அவர்கள் வரக்கூடாது என்றது. மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும் அப்போது அந்த அந்தஸ்து இல்லை. பின்னாளில் ஆலைப் புகை சூழ்ந்த தொழில் நகரங்களான இப்படிப்பட்ட ஊர்களில் ஒத்துப்போகாத சபைகள் ஊன்றிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். மெதடிஸ்தர்கள் அடுத்த நூற்றாண்டில் வந்தவர்கள், ஆனால் அவர்களுடைய சேப்பல்களும் (அரச திருச்சபைக்கு வெளியே உள்ள ஆலயங்கள்) நெசவாளரும் சுரங்கத் தொழிலாளரும் குயவரும் காசு சேர்த்துக் கட்டியவைதான். பிரிஸ்டலில் 1742இல் கட்டிடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று ஆரம்பித்தார்கள். அதை வசூலிக்கப் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பேற்றதில்தான் மெதடிஸ்தரின் 'வகுப்புக் கூட்டம்' என்ற சிறு குழுக் கூட்டமே பிறந்தது.

சரி, திருமலைக்கு வருவோம். கம்பளித் துணிக்குப் பேர்போன லீட்ஸ் நகரத்தின் பழைய சேப்பலில் 1813 அக்டோபர் 6ஆம் தேதி ஒரு கூட்டம் நடந்தது. வெளிநாட்டு ஊழியத்துக்குப் பணம் திரட்ட அங்கே ஒரு சங்கம் அமைத்தார்கள். அந்த வருடக் கடைசியில் மெதடிஸ்தத் தலைவர் தோமஸ் கோக் தன் மிஷனரிக் குழுவோடு இலங்கைக்குக் கப்பலேறினார், 1814 மே 3ஆம் தேதி கடலிலேயே இறந்துபோனார். மற்றவர்கள் ஜூன் 29ஆம் தேதி தென்னிலங்கையின் காலித் துறைமுகத்தில் இறங்கி, யார் எங்கே போவது என்று பிரித்துக்கொண்டார்கள்: லிஞ்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணம், ஓல்ட் மட்டக்களப்பு, மற்ற இருவரும் தெற்கு. திருமலை அந்தப் பங்கீட்டில் இல்லை. அதனால் 1814 என்ற ஆண்டை உங்கள் ஆலயத்தின் தொடக்கமாகப் போட்டுவிடாதீர்கள். மிஷன் நாட்டுக்கு வந்த ஆண்டு, சபை கூடத் தொடங்கிய ஆண்டு, இப்போதுள்ள கட்டிடம் எழும்பிய ஆண்டு மூன்றும் வேறு வேறு. இங்கிலாந்திலும் அப்படித்தான். குயவர் நகரமான ஹான்லியில் உள்ள பெதெஸ்டா சேப்பலை 1798இல் கட்டினார்கள், 1819இல் பெரிதாகத் திரும்பக் கட்டினார்கள், 1985இல் மூடினார்கள்.

வேலையை எங்கே தொடங்குவது? கந்தோரில் இல்லை, ஆச்சிமார் வீட்டில். இதைத் தள்ளிப்போடவே கூடாது. "ஆலய வரலாறு சொல்லுங்கோ" என்று கேட்டால் அவர்களுக்கு ஒன்றும் வராது. "ஆச்சி, உங்கட கலியாணத்தண்டு எந்தக் குருவானவர் இருந்தவர்? ஆர்மோனியம் வாசிச்சது ஆர்?" என்று கேளுங்கள், கதை தானாக வரும். போனில் பதிவுசெய்யுங்கள், அதற்கு முதல் அனுமதி கேளுங்கள். பேச்சு முடிகிற நேரம் வேதாகமத்தை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நான் பார்த்த ஒன்றில், முன் அட்டைக்குள் நீல மையில் ஏழு பிள்ளைகளின் பிறந்த நாளும் ஞானஸ்நான நாளும் இருந்தன, மூன்றாவது பெயருக்கு நேரே ஒரு சின்னச் சிலுவை மட்டும். ஓரங்களை இராமபாணப் பூச்சி அரித்திருந்தது. அந்தப் பிள்ளையைப் பற்றி வேறு எந்தக் காகிதத்திலும் ஒரு வரியும் கிடைக்கவில்லை.

நம்முடைய ஊரில் காகிதம் தப்புவதே பெரிய காரியம். உப்புக் காற்று, கறையான், 1964 சூறாவளி, யுத்தம், இடப்பெயர்வு, 2004 சுனாமி. ஆகவே ஆலய அலுமாரி காலியாக இருந்தால் சோர்ந்துபோகாமல் வீடு வீடாகப் போங்கள். ஞானஸ்நானப் பத்திரம், கலியாணப் படம், காணி உறுதி, காணிக்கைக் கணக்கெழுதிய பழைய கொப்பி எல்லாம் சான்றுதான், அதிலும் கணக்குக் கொப்பி தங்கம். யார் எவ்வளவு கொடுத்தார், ஓடு மாற்ற எத்தனை ரூபாய் போனது, எந்த மாதம் காணிக்கை குறைந்தது, எல்லாம் அதில் கிடக்கும். படமெடுக்கும்போது அட்டையையும் சேர்த்து எடுங்கள், யாரிடம் வாங்கியது என்று அன்றைக்கே எழுதி வையுங்கள், மூலத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சேமக்காலைக்கு (கல்லறைத் தோட்டத்துக்கு) காலையில் போங்கள். வெயில் சாய்வாக விழும்போது தேய்ந்த எழுத்தும் நிழல் பிடித்துத் தெரியும். சுரண்டவோ சோக்கு பூசவோ வேண்டாம், கல் கெட்டுவிடும். வாசிக்க முடியாத எழுத்துக்குப் புள்ளி வையுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.

லண்டனில் சொந்தக்காரர் இருந்தால் அவர்களுக்கும் வேலை உண்டு. வெஸ்லியன் (மெதடிஸ்த) மிஷனரிச் சங்கத்தின் பழைய கடிதங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் நூலகத்தில் இருக்கின்றன. ஆனால் கவனம்: மிஷனரி எழுதியது காசு தருகிறவர்களுக்கான கடிதம், நம் ஊர் உபதேசியாரை அதில் பெரும்பாலும் பெயர் சொல்லாமல் 'ஒரு சுதேசி' என்று கடந்து போயிருப்பார். அந்தப் பெயரைத்தான் நீங்கள் ஊருக்குள் தேட வேண்டும். அங்கேயே குடியேறித் தாங்கள் கூடும் பழைய சேப்பலைப் பற்றி எழுத நினைப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு: 1754 முதல் 1837 வரை குவேக்கர்களும் (அரச திருச்சபையில் சேராத இன்னொரு கிறிஸ்தவக் குழு) யூதர்களும் தவிர மற்றவர்கள் அரச திருச்சபையில்தான் சட்டப்படி கலியாணம் செய்ய முடிந்தது, ஆகவே அந்தக் காலத்துக் கலியாணங்களைச் சேப்பல் பதிவேட்டில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

எழுதி முடித்ததும் அச்சுக்குக் கொடுக்க முதல், கதை சொன்ன ஆச்சியிடம் போய் உரக்க வாசித்துக் காட்டுங்கள். "அது அவர் இல்லைத் தம்பி, அவற்ற தம்பி" என்று திருத்த அவரை விட்டால் ஆளில்லை.