தெப்ப போன்சாயில் மாதுளை: அவசரத்தால் வரும் தவறுகள்

காற்றில் சாய்ந்த மரம் சில சமயம் சாவதில்லை. தரையில் படிந்த தண்டு வேர் விட, மேல்பக்கக் கிளைகள் வரிசையாகத் தனித்தனி மரங்களைப் போல எழும். மரத்தைத் தொட்டியில் குட்டையாக வளர்க்கும் போன்சாயில் அதைச் செய்வதுதான் தெப்ப பாணி. ஜப்பானியர் இகாடபுகி என்பார்கள். செட்டிநாட்டு வெயிலுக்குத் தோதான பழச்செடி மாதுளை. வறட்சி தாங்கும், தண்டிலிருந்தே வேர் விடும்.

மாவையும் சப்போட்டாவையும் படுக்க வைத்து ஏமாற வேண்டாம். நர்சரியில் கிடைப்பவை பெரும்பாலும் ஒட்டுச்செடிகள். அந்தத் தண்டு மண்ணில் கிடந்தாலும் லேசில் வேர் பிடிக்காது. மாதுளையிலும் குட்டை ரகமே நல்லது. போன்சாயில் இலை சிறுக்கும், பழம் சிறுக்காது. இரண்டடித் தெப்பத்தில் கால் கிலோ பழம் தொங்கினால் பார்க்கச் சகிக்காது.

அதிகம் கெடுவது பட்டை உரிப்பதில்தான். கட்டைவிரல் தடிமனுள்ள தண்டின் அடிப்பக்கக் கிளைகளை வெட்டிவிட்டு, மேலே நிற்கும் ஒவ்வொரு கிளைக்கும் நேர் கீழே ஓர் அங்குல நீளத்துக்குப் பட்டையை எடுக்க வேண்டும். அகலம் தண்டின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. பட்டைக்கடியில் வழவழவென்று ஒரு பச்சைப் படலம் இருக்கும். அதைக் கத்தி முனையால் சுரண்டி வெள்ளைக் கட்டையைக் காட்டாவிட்டால், காயம் மூடிக்கொள்ளும், வேர் வராது. அதற்காக அடிப்பக்கம் முழுவதையும் உரித்துவிட்டால் தண்டு அழுகும். இடையிடையே ஓர் அங்குலம் பட்டை இருக்கட்டும். உரித்த இடத்தில் வேர்ப்பொடி (வேர் விடத் தூண்டும் ஹார்மோன் பொடி) தடவி, கம்பியால் தண்டை லேசாக வளைத்துப் படுக்க வையுங்கள். நேர்க்கோடாகக் கிடந்தால் கிளைகள் வேலிக்கால் மாதிரி நிற்கும்.

அடுத்த அவசரம், பழைய வேர்க்கட்டை அன்றைக்கே வெட்டுவது. புது வேர் வரும்வரை செடிக்குச் சோறு போடுவது அதுதான். பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருந்தாலும் ஈரச் சாக்கு சுற்றி ஒரு வருஷமாவது விட்டுவையுங்கள். பிறகு மண்ணை விலக்கி, ஒவ்வொரு கிளைக்கடியிலும் வேர் உண்டா என்று பார்த்து, பாதியை வெட்டுங்கள். இரண்டு மாதத்தில் இலை வாடாவிட்டால் மீதியையும் வெட்டலாம். வேரில்லாத கிளை முதலில் காயும். பழைய வேரை முழுக்க வெட்டும்வரை பூவையும் பிஞ்சையும் கிள்ளிவிட வேண்டும்.

மண் விஷயத்தில் இந்தப் பக்கத்துக்கே உரிய ஒரு தவறு உண்டு: இடித்த பழைய வீட்டுச் செங்கல்லை நொறுக்கிப் போடுவது. அதில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கும். இரும்புச் சத்து கிடைக்காமல் நரம்பு பச்சையாக, இலை மஞ்சளாகும். சூளையில் வாங்கிய புதுச் செங்கல்லை 3 முதல் 5 மில்லிமீட்டராக உடைத்து 2 பங்கு, சலித்த செம்மண் 1, மட்கிய எரு 1. செம்மண் மட்டும் போட்டால் காய்ந்ததும் ஓடாக இறுகும்.

ஆடிக்காற்று தண்டை ஆட்டி, முளைக்கும் வேர்களை அறுத்துவிடும். ஆவணியில் தொடங்குங்கள். மொட்டைமாடித் தளத்தில் செடி கிடக்கும் பெட்டியை நேரடியாக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். கொதிக்கும் தளம் அடிவேரை அவித்துவிடும். கிளைகளை வளைக்கக் கம்பி சுற்றியிருந்தால் அதை ஆறு வாரத்துக்கொருமுறை பாருங்கள், பட்டையில் பதிந்தால் தழும்பு போகாது.

மூன்றாம் வருஷம் ஆழமில்லாத தட்டுக்கு மாற்றலாம். தட்டை மானாமதுரைக் குயவரிடம் சொல்லிச் செய்வதானால், ஓட்டைகளைச் சுடுவதற்கு முன்பே போடச் சொல்லுங்கள். சுட்ட பிறகு துளைத்தால் விரிசல் விடலாம்.