பழைய ஸ்டேஷன் வேகன் வாங்கலாமா? பின்பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

குலதெய்வம் கோயிலுக்குப் பொங்கல் பானையும் பாத்திரமுமாக ஆண்டுக்கு இருமுறை போய்வரும் குடும்பத்துக்கு ஸ்டேஷன் வேகன், அதாவது கூரை டிக்கியின் மேலும் நீண்டு பின்னால் தூக்கும் கதவுள்ள கார், மிகவும் பொருத்தமான வண்டிதான். ஆனால் 2004-இல் வெளிவந்த டாடா இண்டிகோ மரீனாவோ, மாருதி பலேனோவின் வேகன் வடிவமான ஆல்ட்யூராவோ மதுரையில் விற்பனைக்கு வரும்போது, எஞ்சினை மட்டும் கேட்டுப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடக் கூடாது.

மரீனாவின் முன்பாதிக்கான உதிரிபாகங்கள் டாடாவின் மற்ற கார்களான இண்டிகாவுக்கும் இண்டிகோவுக்கும் பெரும்பாலும் பொதுவானவை என்பதால், அவற்றைத் தேடிப் பிடித்துவிடலாம். பின்கதவும் அதன் கண்ணாடியும் டிக்கிப் பகுதியின் பக்கவாட்டு ஜன்னல் கண்ணாடிகளும் வேகனுக்கென்றே செய்யப்பட்டவை. உடைந்தால் பழைய சாமான் கடைகளில்தான் தேட வேண்டும். ஆகவே பின்கதவைத் தூக்கி, கையை எடுத்துவிட்டு, அது தானாக நிற்கிறதா என்று பாருங்கள். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் வெடித்திருந்தால், மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கும். நான் பார்த்த ஒரு மரீனாவில் பின்தள விரிப்பைத் தூக்கியதும் நனைந்த சாக்கு வாடை அடித்தது. ஓரத்தில் நகம் பட்டவுடன் பட்டியோடு (துருவையும் பள்ளத்தையும் மறைக்கப் பூசும் பசை) பெயிண்ட் செதிலாக உதிர்ந்தது. துணி சுற்றிய சிறு காந்தத்தைத் தகட்டின் மேல் நகர்த்தினால், பட்டி தடித்த இடத்தில் அது பிடிக்காது.

வண்டி சென்னைப் பதிவு எனில், சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துச் சேற்றுக்கறை இருக்கிறதா என்று பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தை அந்த வண்டியும் பார்த்திருக்கலாம்.

பிறகு பின்சீட்டில் இருவரையும் டிக்கியில் இரண்டு அரிசி மூட்டைகளையும் ஏற்றி, நத்தம் பறக்கும் பாலத்தின் 7.3 கிலோமீட்டரையும் ஓட்டிப் பாருங்கள். திரும்பும்போது, கோரிப்பாளையம் சிக்னலில் ஏசியைப் போட்டபடி நிற்கையில் வெப்பமுள் ஏறினால், ரேடியேட்டருக்கோ ஃபேனுக்கோ செலவு காத்திருக்கிறது. எஞ்சினின் உள்பாகங்களை ஒத்திசைத்து ஓட்டும் டைமிங் பெல்ட்டை மாற்றியதற்கான பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கணக்கில் கொள்ள வேண்டும். ஆல்ட்யூரா பெட்ரோல் வண்டி. அதன் பழைய ரப்பர் குழாய்கள் இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்குமா என்பதையும் மெக்கானிக்கிடம் காட்டிக் கேட்பது நல்லது.

காகிதங்களில் ஏமாறுபவர்கள்தான் அதிகம். ஆர்சி எனும் பதிவுச் சான்றிதழ் 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த விதிப்படி அதற்கான கட்டணம் 20 ஆண்டுகள் வரையிலான காருக்கு 5,000 ரூபாய், அதைக் கடந்த காருக்கு 10,000 ரூபாய்; பழைய வண்டிகளுக்கான பசுமை வரி தனி. சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தாளில் தேய்த்து எடுத்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். பழைய கடன் ஆர்சியில் நின்றால், கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ஐ விற்பவரே முடித்துத் தர வேண்டும்.

டயர், பேட்டரி, பெல்ட், புதுப்பித்தல் ஆகியவற்றின் செலவைக் கூட்டி, கேட்கும் விலையோடு சேருங்கள். அந்தத் தொகைக்கு அதைவிட ஐந்தாண்டு இளைய சாதாரண கார் கிடைக்குமானால், பின்கண்ணாடி உடையாமல் இருக்கும்போதே மறுத்துவிடலாம். வாங்குவதென்றே முடிவானால், உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் உங்கள் கண்ணெதிரே கையெழுத்திட்ட பின்பே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.