ஓடாத காருக்குள் ஓர் இரவு: குளிர்காலப் பயணத்தில் நாம் விடுகிற பிழைகள்

ரொறன்ரோவில் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு மொன்றியல் பக்கத்து ஊர் மாதிரி. கல்யாணம், சாமத்தியவீடு, செத்தவீடு என்று எதுவாக இருந்தாலும் வெள்ளிக்கிழமை வேலை முடிந்து 401 நெடுஞ்சாலையில் ஏறிவிடுவோம். ஏறத்தாழ 540 கிலோமீற்றர். கோடையில் ஆறு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். தை, மாசியிலும் அதே நினைப்போடுதான் காரை எடுக்கிறோம்.

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதம், மொன்றியலில் கல்யாணம் ஒன்று முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பிறொக்வில் தாண்டிக் கொஞ்சத் தூரம் வந்ததும் எல்லாம் நின்றுவிட்டது. முன்னால் பல வாகனங்கள் ஒன்றோடொன்று மோதி, வீதியை மூடிவிட்டார்கள். ஐந்து மணி நேரம் நின்ற இடத்திலேயே நின்றோம். வெளியே மைனஸ் 20. பின் சீற்றில் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் மாமி. பட்டுச்சேலை, மெல்லிய சால்வை, காலில் கல்யாணவீட்டுச் செருப்பு. மூன்றாவது மணி நேரம் வரை ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, "தம்பி, கால் விறைச்சுப் போச்சு" என்றார்.

கம்பளி டிக்கிக்குள் இருந்தது. டிக்கி திறக்கவில்லை. வழி முழுக்கச் சில்லுகள் தெறித்த தண்ணீர் மூடியின் ரப்பரில் ஊறி உறைந்து, மூடியை ஒட்டவைத்தது போலப் பிடித்துவிட்டிருந்தது. கடைசியில் பின் சீற்றின் ஒரு பக்கத்தை மடித்து, எட்டு வயது மகனை அந்த இடைவெளியால் உள்ளே விட்டு, அவன் கையில் அகப்பட்டதை இழுத்து எடுத்தோம்.

அன்றைக்கு டிக்கிக்குள் என்னென்ன இருந்தது தெரியுமா? பூஸ்டர் கேபிள், இழுவைக் கயிறு, காற்றடிக்கும் பம்பி, மாற்று ரயர். காருக்கு எந்தப் பிழையும் வரவில்லை, அது நன்றாகத்தான் நின்றது. உள்ளே இருந்த ஐந்து பேருக்குத்தான் நான் ஒன்றும் கொண்டுவரவில்லை. எங்களில் பலர் குளிர்காலப் பொருட்களைச் சேர்க்கும்போது பழுதான காரைத்தான் நினைக்கிறோம். காருக்கு ஒன்றும் ஆகாமலே, ஓடாத காருக்குள் ஒரு இரவு இருக்க நேரலாம் என்று நினைத்து அடுக்கினால் பட்டியலே மாறிவிடும்.

"நான் எங்கே தூரம் போகிறேன், நகரத்துக்குள்ளேதானே" என்று சொல்பவர்களும் உண்டு. 2017 பங்குனியில் மொன்றியல் பகுதியில், 13 ஆம் இலக்க நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 300 வாகனங்கள் இரவு முழுக்க ஸ்நோவுக்குள் மாட்டிக்கொண்டன. நகரத்தின் நடுவில், வீடுகளின் வெளிச்சம் தெரிகிற தூரத்தில். 2010 மார்கழியில் ஒன்ராறியோவின் சார்ணியாவுக்குப் பக்கத்தில் 402 நெடுஞ்சாலையில் 300 க்கும் மேற்பட்டோர் சிக்கியபோது இராணுவ ஹெலிகொப்டர்கள் வந்து மீட்க வேண்டியிருந்தது. 2022 தை மாதம் வேர்ஜீனியாவில் ஐ-95 நெடுஞ்சாலை முடங்கியபோது அமெரிக்க செனற்றர் ரிம் கெய்ன் 27 மணி நேரம் தன் காருக்குள்ளேயே இருந்தார். வசதி, பதவி, நல்ல கார் எதுவும் அந்த இடத்தில் உதவாது.

முதல் பிழை உடுப்பில்தான் தொடங்குகிறது. வீட்டுக்குள் சூடு, கராஜுக்குள் கார், காருக்குள் ஹீற்றர், போய் இறங்குகிற மண்டபத்திலும் சூடு. இந்தச் சங்கிலி அறாது என்று நம்பித்தான் உடுத்துகிறோம். மைனஸ் 20 இல் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்றும் அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 33 போல இருக்கும். மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறையத் தொடங்கலாம். அதனால் கல்யாணவீட்டுக்குப் போனாலும் ஆளுக்கொரு பூட்ஸ், தடித்த மேஸ், தொப்பி, கையுறை காரில் இருக்க வேண்டும். செருப்பையும் சப்பாத்தையும் மண்டப வாசலில் மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைகளின் தடித்த ஜக்கெற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: அதைப் போட்டபடி குழந்தை இருக்கையின் பட்டியைப் பூட்டக் கூடாது. மோதும்போது ஜக்கெற் அமுங்கி, பட்டி தளர்ந்துவிடும். கழற்றிவிட்டுப் பட்டியைப் பூட்டி, மேலே கம்பளியைப் போர்த்துங்கள். ஆனால் கழற்றிய ஜக்கெற் காருக்குள்ளேயே இருக்கட்டும். வீட்டில் விட்டுவிட்டு வருவதுதான் பலர் செய்கிற பிழை.

அப்புறம், எல்லாவற்றையும் டிக்கியில் போடுவது. அன்றைக்கு நான் பட்டது அதுதான். கம்பளி, ரோச் லைற், தண்ணீர், சாப்பாடு, ஸ்நோ தட்டும் பிறஷ், மடக்கக்கூடிய சின்ன ஷவல், இவ்வளவும் கை எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். முன் சீற்றின் பின்னால் ஒரு பைக்குள் எல்லாம் அடங்கிவிடும். பூஸ்டர் கேபிளும் இழுவைக் கயிறும் மண் பையும் டிக்கிக்குள் கிடக்கட்டும்.

இனி, உயிரையே எடுக்கக்கூடிய பிழைக்கு வருகிறேன். ஸ்நோ கொட்டிக்கொண்டிருக்கும்போது நின்ற காரின் புகைக்குழாய் வாயைச் ஸ்நோ மெல்ல மெல்ல மூடிவிடும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் வெளியே போக வேண்டிய புகை அடிப்பக்கத்தால் காருக்குள் ஏறும். அதிலிருக்கும் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடிக்கும், சத்தி வரும் போல இருக்கும், நித்திரை தூக்கும். இரவில், குளிரில் களைத்துப்போனவருக்கு நித்திரை வந்தால் யார் சந்தேகப்படுவார்கள்?

வீட்டு வாசலிலும் இது நடக்கும். நான் ஸ்நோ அள்ளி முடிக்கும் வரை பிள்ளைகள் குளிராமல் இருக்கட்டும் என்று, அவர்களைக் காருக்குள் இருத்தி எஞ்சினைப் போட்டுவிடுகிற தகப்பன்மாரை எங்கள் வீதியிலேயே கண்டிருக்கிறேன். 2016 தை மாதம் நியூ ஜேர்சியில் ஒரு தாயும் ஒரு வயதுக் குழந்தையும் அப்படித்தான் இறந்தார்கள். தகப்பன் பக்கத்தில் நின்று ஸ்நோ அள்ளிக்கொண்டிருந்தார். தயவுசெய்து இதை உங்கள் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்: புகைக்குழாய் வாயைச் சுற்றித் துப்புரவாக்கிய பிறகுதான் எஞ்சின்.

வீதியில் மாட்டிக்கொண்டால் எஞ்சினைத் தொடர்ந்து ஓட விடவேண்டாம். மணிக்கு ஒருதடவை பத்து நிமிடம் ஹீற்றரைப் போடுங்கள். மிகவும் குளிராக இருந்தால் அரை மணிக்கு ஒருதடவை. ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன் இறங்கிப் போய்ப் புகைக்குழாயைப் பார்க்க வேண்டும். ஷவல் கைக்கெட்ட இருக்க வேண்டியது இதற்காகத்தான். காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரலளவு இறக்கி வையுங்கள். எல்லோரும் ஒரேநேரத்தில் நித்திரையாகாமல், ஒருவர் மாறி ஒருவர் விழித்திருக்க வேண்டும். மின்சாரக் கார் என்றால் இந்தப் புகைப் பயம் இல்லை, ஆனால் பற்றரியில் நிறையச் சார்ஜ் வைத்துத்தான் புறப்பட வேண்டும்.

பெற்றோலும் அப்படித்தான். "அடுத்த ஸ்ரேசனில் அடிக்கலாம்" என்று கால்வாசிக்குக் கீழே விடுகிற பழக்கத்தைக் குளிர்காலத்தில் விட்டுவிட வேண்டும். பாதிக்குக் கீழே இறங்கினால் அடித்துவிடுங்கள். அடுத்த ஸ்ரேசன் பத்து நிமிடத் தூரம்தான் என்ற கணக்கு, வீதி திறந்திருக்கும் வரைதான் சரி.

காரை விட்டு இறங்கி நடப்பதும் பெரிய பிழை. தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரியும், பதினைந்து நிமிடத்தில் போய்விடலாம் போல இருக்கும். ஸ்நோ புயலில் பத்தடி தள்ளி நின்றாலே திரும்பிப் பார்க்கக் கார் தெரியாது. தேடி வருகிறவர்களின் கண்ணில் ஒரு மனிதனை விடக் கார் சீக்கிரம் படும். 911 ஐ அழையுங்கள், எந்த வெளியேறும் வழிக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று சொல்லுங்கள், அன்ரெனாவிலோ கண்ணாடியிலோ ஒரு நிறத் துணியைக் கட்டிவிட்டு உள்ளேயே இருங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் எங்கள் வீடுகளுக்கென்றே ஒரு பிழை உண்டு. பயணம் என்றதும் முறுக்கு, மிக்சர், பகோடா. எல்லாம் உப்பு, தாகத்தைத்தான் கூட்டும், தண்ணீரோ அளவோடுதான் இருக்கும். கடையில் விற்கிற எனர்ஜி பார்களை வாங்கிப் போட்டாலும் மைனஸ் 20 இல் கல்லாகிவிடும், மாமியின் பல்லுக்கு அது சரிவராது. எங்கள் வீட்டில் இப்போது பேரீச்சம்பழமும், உப்பில்லாத கச்சானும், எள்ளுப்பாகும் வைக்கிறோம். குளிரிலும் மெல்லலாம், கொஞ்சம் சாப்பிட்டாலே உடம்புக்குத் தெம்பு வரும். தண்ணீரைப் பிளாஸ்ரிக் போத்தலில், முக்கால்வாசிக்கு மேல் நிரப்பாமல் வையுங்கள். உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விரியும், நிரம்பிய போத்தல் வெடித்துவிடும். தாகமென்று ஸ்நோவை அள்ளி வாயில் போடக் கூடாது. அதை உருக்க உங்கள் உடம்பின் சூடுதான் செலவாகும்.

எங்கள் சமூகத்தில் சீனி வருத்தம் இல்லாத வீடு குறைவு. ஒரு இரவு மாட்டிக்கொள்ளக்கூடும் என்று நினைத்து, அடுத்த நாளுக்குரிய குளிசையையும் சேர்த்து எடுங்கள். இன்சுலினைக் காருக்குள் விடவே கூடாது. ஒருதடவை உறைந்தால் பிறகு உருகினாலும் அதைப் பாவிக்க முடியாது, பார்வைக்கு வித்தியாசம் தெரியாமலும் இருக்கலாம். சட்டையின் உள்பக்கப் பையில், உடம்போடு ஒட்டி வைத்திருங்கள். சீனி இறங்கினால் கொடுக்க இனிப்பும் பக்கத்தில் இருக்கட்டும்.

செல்போனுக்கும் அதே இடம்தான் நல்லது. குளிரில் அதன் பற்றரி 40 வீதத்திலிருந்து திடீரென்று அணைந்துபோகும். பவர் பாங்கையும், பற்றரியில் இயங்குகிற பூஸ்டரையும் கார்த்திகையில் காருக்குள் போட்டுவிட்டுச் சித்திரை வரை மறந்துபோகிறவர்கள் பலர். வேண்டிய நேரத்தில் அவை செத்துக் கிடக்கும். ஒவ்வொரு இரவும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டிய சாமான்கள் அவை. சாதாரண பூஸ்டர் கேபிள் குளிருக்குப் பயப்படாது. ஆனால் கடைசிக் கறுப்புக் கவ்வியைச் செத்த பற்றரியில் மாட்டாமல், எஞ்சினில் வர்ணம் பூசாத ஓர் இரும்பில் மாட்டுங்கள். பற்றரிக்குப் பக்கத்தில் தீப்பொறி பறக்காமல் இருக்கத்தான்.

மெழுகுதிரியைக் கனடிய அரசாங்கத்தின் அவசரப் பொருள் பட்டியலிலேயே காணலாம்: ஆழமான தகரப்பேணிக்குள் ஒரு மெழுகுதிரி, கூடவே நெருப்புப்பெட்டி. சின்னச் சுவாலைதான், கையைச் சூடாக்கப் போதும். கண்ணாடி கொஞ்சம் திறந்திருக்க வேண்டும், பிள்ளைகளின் கையெட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

சில்லு சறுக்கினால் போட உப்பை மட்டும் நம்பாதீர்கள். மைனஸ் 10 க்குக் கீழே போகப் போக அதன் வேலை குறைந்துவிடும். மணல் நல்லது. பூனைக்குப் போடுகிற மண்ணும் சரி, ஆனால் கட்டிபடாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். கட்டிபடுவது ஈரத்தில் சேறாகிவிடும். கண்ணாடி கழுவும் திரவம் மைனஸ் 40 வரை தாங்குவதாக இருக்கட்டும். விண்ரர் ரயர் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: 7 பாகைக்குக் கீழே சாதாரண ரயரின் ரப்பர் இறுகிவிடும். கியூபெக்கில் பதிவான கார்களுக்கு மார்கழி (டிசம்பர்) 1 முதல் பங்குனி (மார்ச்) 15 வரை அது சட்டம். ஒன்ராறியோவில் சட்டமில்லை என்பதற்காகப் போடாமல் விடாதீர்கள்.

பையை ஒருதடவை அடுக்கினால் போதும் என்று நினைப்பதும் பிழைதான். கார்த்திகை (நவம்பர்) முதல் ஞாயிறு, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புகிற அன்றைக்கு, நான் பையை வீட்டுக்குள் கொண்டுவந்து நிலத்தில் கொட்டுவேன். ரோச் லைற்றுக்குப் புதுப் பற்றரி, புதுத் தண்ணீர், புதுப் பேரீச்சம்பழம். போன வருடம் மகனின் கையுறையை எடுத்துக் கொடுத்தேன். அவனுடைய விரல்கள் பாதி வரைதான் உள்ளே போயின. அதை எடுத்துத் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டு, அன்று பின்னேரமே கடைக்குப் போய் அவனுக்குப் பெரிதாக ஒரு சோடி வாங்கிப் பைக்குள் வைத்தோம்.