தாடை வலிக்குப் பல்லைப் பிடுங்காதீர்கள்

'பல்லைக் கடிச்சுக்கிட்டு நாளை ஓட்டுதேன்' என்பது நம் ஊர்ப் பேச்சு. மனச்சோர்வில் இருப்பவர் வாயில் அது அப்படியே நடக்கிறது. பல் மருத்துவத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் சறுக்கிய இடத்திலேயே சறுக்குவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறோம். நகம் கடிக்காதே, சூயிங்கம் மெல்லாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுவோம்.

நல்ல பல்லைக் கொல்வது

அம்பாசமுத்திரத்திலிருந்தோ தென்காசியிலிருந்தோ ஒருவர் வருவார். "காலைல எந்திச்சதும் கடைவாய்ப் பல்லு வலிக்கு, காதுக்குள்ளயும் குத்துது" என்பார். எக்ஸ்ரேயில் சொத்தை இருக்காது. ஆனாலும் ரூட் கெனால் நடக்கும். வலி போகாது, பக்கத்துப் பல்லுக்கும் அதே வைத்தியம், கடைசியில் பிடுங்கல். பல் போன பிறகும் வலி அங்கேயே இருக்கும். காசும் போச்சு, பல்லும் போச்சு. இன்றைக்கும் எங்களுக்கு ஆறாத கோபம் இதில்தான்.

கன்னத்து மாசட்டர் தசை இறுகினால், வலி மேல், கீழ் கடைவாய்ப் பற்களில் தெரியும். அதன் ஆழமான பகுதி காதுக்குள் குத்தும். நெற்றிப்பொட்டின் டெம்பொராலிஸ் தசை மேல்வரிசைப் பற்களில் வலியைக் காட்டும்.

பல்லில் கை வைக்குமுன் மூன்றைச் செய்யுங்கள். பல்லைத் தட்டியும் குளிர்ச்சி வைத்தும் பாருங்கள். பிறகு மாசட்டரை ஒரு கிலோ அளவு அழுத்தத்தில் 5 விநாடி பிடியுங்கள். "இதே வலிதான்" என்று அவர் சொன்னால் தசையைச் சந்தேகியுங்கள். அப்போதும் தெளியவில்லையா, அந்தப் பல்லை மட்டும் மரக்கவைத்துப் பாருங்கள். பல் மரத்தும் வலி குறையாவிட்டால் மூலம் வேறு இடத்தில்.

அடுத்து இரண்டு கேள்விகள்: கடந்த 2 வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா? மனம் தளர்ந்து, நம்பிக்கையற்று இருந்ததா? இதைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்தான் அதிகம். சோர்வு உறக்கத்தைக் கெடுக்கும், பகலில் அறியாமல் பல்லை இறுக்கவைக்கும், வலி தாங்கும் அளவையும் குறைக்கும். ஓயாத வலி சோர்வை இன்னும் கூட்டும். இந்தச் சுற்றை ரூட் கெனால் அறுக்காது.

மாத்திரையைத் தானாக நிறுத்துவது

ஃப்ளூஆக்ஸெடின், செர்ட்ராலின், எஸ்சிடலோப்ராம், வென்லாஃபாக்ஸின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் சிலருக்குப் பல் நறநறப்பைத் தொடங்கிவைக்கும், பெரும்பாலும் 3, 4 வாரங்களுக்குள். அதற்காக ஒரே நாளில் நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு வரும், சோர்வும் திரும்பலாம். எழுதித் தந்த மனநல மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார்.

கடையில் வாங்கிப் பல்லில் மாட்டும் மென்தகடு

வேண்டாம். சிலர் அதையே மென்று தாடையை இன்னும் இறுக்குவார்கள்.

முறுக்கும் பனங்கிழங்கும்

வலி தணியும்வரை இரண்டும் வேண்டாம். நாரை இழுத்து மெல்லும் வேலை தசைக்கு ஆகாது. சொதியும் குழைந்த சோறும் போதும். ஈரத் துணியில் வெதுவெதுப்பான ஒத்தடம் 15 முதல் 20 நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை. மற்ற நேரம் உதடு சேர்ந்திருக்க, பல் விலகியிருக்க, நாக்கு நுனி மேல்முன்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் தங்கட்டும். போன் ஒலிக்கும்போதெல்லாம் இதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

மனநல மருத்துவரிடம் அனுப்பத் தயங்குவது

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416. எந்நேரமும் பேசலாம், கட்டணமில்லை.

எல்லாவற்றையும் மனசின் மேல் போடுவது

50 வயது தாண்டியவருக்கு மெல்லும்போது தாடை அலுத்து வலித்து, தலைத்தோல் தொட்டாலே நொந்தால் நெற்றிப்பொட்டு ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். பார்வை பறிபோகுமுன் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். படியேறும்போது தாடை வலித்து, நின்றால் அடங்கினால் முதலில் ஈசிஜி.