பட்டனை அழுத்தினால் வரும் பேக்கப், ராத்திரியில் ஏன் வருவதில்லை?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடை. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது முதலாளி அழைத்தார். "தம்பி, நான் உட்கார்ந்து எடுத்தால் பேக்கப் வருகிறது. ராத்திரி தானாக எடுக்கச் சொன்னால் வரவில்லை. என்னைக் கண்டால்தான் இதற்குப் பயமா?"

கேலியாகத்தான் கேட்டார். விடையும் அதில்தான் இருந்தது. பகலில் பேக்கப் எடுத்தவர் அவர். இரவில் எடுக்க வந்தது வேறு ஆள்.

அவருடைய ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பு) கடையின் தரவுத்தளத்தை சி டிரைவில் பேக்கப் எடுத்து, பிறகு இசட் டிரைவுக்கு நகலெடுக்கும். இசட் என்பது மாடியில் இருக்கும் சேமிப்புப் பெட்டிக்கு அவருடைய கணக்கு வைத்துக்கொண்ட செல்லப்பெயர். அவர் வெளியேறிய பிறகு விண்டோஸ் அட்டவணையில் ஓடும் வேலைக்கு அந்தப் பெயர் தெரியாது. பெட்டியின் முழு நெட்வொர்க் முகவரியையே எழுதியிருக்க வேண்டும்.

தரவுத்தளத்தை நடத்தும் மென்பொருளான எஸ்கியூஎல் சர்வரின் பேக்கப் கட்டளையை நேராக இசட்டுக்கு அனுப்புகிறவர்களின் கதை இன்னும் மோசம். நீங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தாலும் கோப்பை எழுதுவது சர்வர் சேவையின் கணக்குதான். பிழை எண் 3 என்றால் பாதை தெரியவில்லை. 5 என்றால் பாதை தெரிகிறது, அனுமதி இல்லை. 5 வந்ததும் ‘எல்லோருக்கும் முழு உரிமை’ என்று திறந்து விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்த ஒரு கணக்குக்கு மட்டும் எழுதும் உரிமை கொடுத்தால் போதும்.

எஸ்கியூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில் வேலைகளைத் தானாக ஓட்டும் ஏஜென்ட் கிடையாது. அதனால்தான் விண்டோஸ் அட்டவணையை நம்புகிறோம். அதிலோ, பயனர் உள்நுழைந்திருந்தால் மட்டும் ஓடு, மின்சாரத்தில் இணைந்திருந்தால் மட்டும் தொடங்கு என்று நிபந்தனைகள். கடை மடிக்கணினியின் பிளக்கை யாராவது பிடுங்கிவிட்டுப் போனால் அன்றைய பேக்கப் இல்லை. கடவுச்சொல்லை மாற்றிவிட்டு அட்டவணையில் மாற்ற மறப்பதும் அப்படித்தான்.

லினக்ஸில் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானுக்கும் இதே குணம். கையால் தட்டும்போது சரியாக ஓடும் வரியில் தேதிக்காக ‘%’ குறி இருந்தால், கிரான் அதைப் புது வரி என்று எடுத்துக்கொண்டு கட்டளையை அங்கேயே வெட்டிவிடும். முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு போட வேண்டும். மேகச் சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். மலேசியா 8 மணி நேரம் முன்னே. இரவு 2 மணி என்று எழுதியது இங்கே காலை 10 மணிக்கு, முதல் பில் போடும் நேரத்தில் ஓடும்.

பிழை காட்டி நிற்பது பரவாயில்லை, கண்டுபிடித்துவிடலாம். காட்டாததுதான் ஆபத்து. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் டம்ப்பை (முழு நகலை) கோப்பைச் சுருக்கும் ஜிஜிப்புக்குள் குழாய் போட்டு அனுப்பும்போது டம்ப் தோற்றாலும் ஜிஜிப் ஒழுங்காக முடிந்துவிடும். கணினி ‘வெற்றி’ என்று எழுதிக்கொள்ளும். தினம் ஒரு கோப்பு வந்து சேரும், ஒவ்வொன்றும் 20 பைட். வெறும் உறை, உள்ளே கடிதம் இல்லை. பாஷ் ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் பைப்ஃபெயில் அமைப்பைப் போடுங்கள் (குழாயில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்றே சொல்லும்), கோப்பின் அளவையும் சோதியுங்கள்.

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லாப் தன் தரவைத் தவறுதலாக அழித்துவிட்டு தினசரி டம்ப் பேக்கப்பைத் தேடியபோது ஒன்றும் இல்லை. தரவுத்தள மென்பொருள் போஸ்ட்கிரெஸின் 9.6 பதிப்பு, பேக்கப் கருவியோ 9.2 பதிப்பு. பழைய கருவி புதிய சர்வரைத் தொட மறுத்து நின்றிருந்தது. அதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களையும் அஞ்சல் சர்வர் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

பென்டிரைவில் எடுப்பவர்களுக்கு ஒரு வரி: எஃப்ஏடி32 வடிவத்தில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது.

துணிக்கடையில் முகவரியை மாற்றிய மறுநாள் காலை, இரவில் வந்த கோப்பைப் பழைய மடிக்கணினியில் வேறு பெயரில் மீட்டெடுத்தோம். முதலாளி கல்லாவிலிருந்து முந்தைய நாளின் கடைசி பில் நகலைக் கொண்டுவந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, திரையில் இருந்த எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டார்.