துருவின் மேல் பட்டி பூசாதீர்கள்

போன வாரம் உச்சிப்புளியில் ஒரு தம்பி, புதிதாக வாங்கிய பழைய மாருதி 800-ஐக் கொண்டுவந்து காட்டினார். பெயிண்ட் பளபளவென்று இருந்தது. பின் சக்கரத்துக்கு மேலே விரலால் தட்டினேன். தகரச் சத்தம் வரவில்லை, தொப்பென்று கேட்டது. காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. பெயிண்டுக்கு அடியில் தகரம் இல்லை, பட்டிதான்; அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை. 20 வருடத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் நின்றேன். பழைய கார் வாங்கினால் ஆயில் மாற்று, பேட்டரியைப் பார் என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

துருவும் பட்டியும்

என் முதல் வண்டியும் 800தான். கதவுக்குக் கீழே இருக்கும் ரன்னிங் போர்டில் பொத்தல். பட்டறையில் ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். ஐப்பசி மழை முடிந்து தை பிறப்பதற்குள் கொப்புளம் கிளம்பிவிட்டது. குத்தினால் பட்டி கட்டியாகப் பெயர்ந்தது, பின்னால் தகரமே இல்லை. 22,000 ரூபாய் போச்சு. இன்றைக்கும் எரிச்சல் அடங்கவில்லை. அதில் பாதிப் பணத்துக்கு அந்தத் தகரத்தையே வெட்டி மாற்றியிருக்கலாம்.

நம் கடற்கரைப் பக்கத்துத் துரு மதுரைத் துரு மாதிரி இல்லை. கடலிலிருந்து வீசும் கச்சான் காற்றில் வரும் உப்பு துருக் குழிகளுக்குள் உட்கார்ந்துகொண்டு ஈரத்தை இழுக்கும். பட்டியும் ஈரத்தை உறிஞ்சும். அப்புறம் மழையே இல்லாவிட்டாலும் பெயிண்டுக்கு அடியில் தகரம் கரைந்துகொண்டே இருக்கும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே உப்பு அரித்து, 2022-இல் அதில் ரயிலை நிறுத்தினார்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கார் தகரம் எம்மாத்திரம்?

ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்த இடத்தை வெட்டிவிட்டுப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்ய வேண்டியதுதான். தாங்கினால், வெள்ளைத் தகரம் தெரியும்வரை தேய்த்துக் கழுவுங்கள். இங்கேதான் பலர் மறுபடி சறுக்குகிறார்கள். கடற்கரை ஊர்களில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவுவது உப்பை எடுத்துவிட்டு உப்பையே வைக்கிற வேலை. நான் குடிக்க வரும் காவிரித் தண்ணீர் இரண்டு குடம் தனியாக எடுத்துவைப்பேன். பிடித்துவைத்த மழைத்தண்ணீர் இருந்தால் இன்னும் நல்லது. காலையில் கழுவி, வெயிலில் முழுக்கக் காயவிட்டு, அன்றைக்கே எபாக்சி பிரைமர் (தகரத்தில் ஈரம் படாமல் காக்கும் அடிப்பூச்சு) அடித்துவிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் ராத்திரிக் காற்றிலேயே செம்பழுப்பு படிந்துவிடும். பட்டி அந்தப் பிரைமருக்கு மேலேதான், அதுவும் நெளிவை நிரப்புவதற்கு மட்டும். ஓட்டை அடைக்க அல்ல.

வடிகால் துளைகள்

கதவின் அடியில் சின்னத் துளைகள் இருக்கும். கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் அதில்தான் வெளியேறும். அண்டர்பாடி கோட்டிங் (வண்டியின் அடியில் துரு வராமல் அடிக்கும் பூச்சு) அடிப்பவர்கள் அதையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள். பக்கத்திலேயே நில்லுங்கள்.

பெரிய வீல்

800-க்கு வந்த வீல் 12 அங்குலம். அகலமான டயர் போட்டால் மட்கார்டில் உரசும். பெயிண்ட் போன இடத்தில் துரு ஏறும்.

ஒயரிங்

ஒயர்களை இணைக்கும்போது வெறுமனே முறுக்கி டேப் சுற்றாதீர்கள், களிம்பு ஏறும். ஈயம் வைத்துப் பற்றவையுங்கள்.

ஆர்சி

15 வருடம் தாண்டிய வண்டியா? ஆர்சி (பதிவுச் சான்று) புதுப்பித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.